இல்லாத டாங்கிக்கு எடை ஏற்றுவது

இதுவரை இந்தப் புத்தகத்தில் நாம் கட்டிய டைகர், ஷெர்மன், டி-34 எல்லாம் நிஜத்தில் ஓடியவை. ஒரு கொக்கி எந்தப் பக்கம் இருந்தது என்று சந்தேகம் வந்தால் பழைய புகைப்படம் ஒன்று பதில் சொல்லிவிடும். இந்த அத்தியாயத்தில் கட்டப்போகும் வண்டிக்குப் புகைப்படமே கிடையாது. பேன்பிளேடு என்று பெயர். வார்ஹாமர் 40,000 என்ற மேசை விளையாட்டின் கற்பனை உலகத்தில், 41-ஆம் ஆயிரமாண்டில், மனிதப் படை ஓட்டும் ராட்சத டாங்கி. விளையாட்டு 1987-ல் வந்தது. அதை நடத்தும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருக்கிறது. பேன்பிளேடின் பிளாஸ்டிக் கிட் 2007-ல் வெளியானது. இப்போது வரும் பெட்டியில் உள்ள பாகங்களை வைத்து 8 வகை வண்டிகளில் ஏதாவது ஒன்றைக் கட்டலாம். நாம் மூல வடிவத்தையே கட்டுவோம்.

புகைப்படம் இல்லாவிட்டால் வேலை சுலபம்தானே, யார் வந்து தப்புக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. என் முதல் பேன்பிளேடில் இடுக்கு எதுவும் தெரியவில்லை, குழல் நேராக இருந்தது, பெயிண்ட் சுத்தமாக இருந்தது. அலமாரியில் வைத்த அன்று தங்கை மகன் வந்தான். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “மாமா, இது சோப்பு டப்பா மாதிரி இருக்கு” என்றான். அவன் சொன்னது சரி. கதையின்படி 316 டன் எடையும் 10 பேர் குழுவும் கொண்ட வண்டி, 300 கிராம் பிளாஸ்டிக்காக உட்கார்ந்திருந்தது. கற்பனை டாங்கியில் சோதனை இது ஒன்றுதான்: பார்க்கிறவர் கண் அந்த எடையை நம்புகிறதா? ரிவெட்டை எண்ணிச் சரிபார்க்கிறவர்களிடமிருந்து தப்பித்துவிடலாம். எட்டு வயதுப் பையனிடமிருந்து தப்ப முடியாது.

அந்த எடையை நிஜ டாங்கிகளிடமிருந்துதான் கடன் வாங்க வேண்டும். ஆகவே கட்டரைக் கையில் எடுக்கும் முன் கொஞ்சம் வரலாறு.

தாத்தாவைப் பார்த்துவிட்டு வாருங்கள்

பேன்பிளேடின் உடம்பைச் சுற்றித் தடம் முழு வட்டமாக ஓடுகிறது. இரண்டு விலாவிலும் கூண்டு மாதிரி புடைத்த பீரங்கி மேடை. இது 1916-ன் பிரிட்டிஷ் மார்க் 1 டாங்கியின் சாயல். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று பிரான்ஸில் சோம் போர்க்களத்தில் உலகின் முதல் டாங்கிகளாகக் களமிறங்கியவை அவை. எடை 28 டன், உள்ளே 8 பேர். அகலமான பதுங்குகுழிகளைத் தாண்ட வேண்டியிருந்ததால் தடத்தை உடம்பைச் சுற்றியே ஓடவிட்டார்கள். மேலே கோபுரம் வைத்தால் வண்டி தலைகனத்துவிடும் என்பதால் பீரங்கியைப் பக்கவாட்டுக் கூண்டுகளில் வைத்தார்கள். ஸ்பான்சன் என்று அதற்குப் பெயர், கப்பல்காரர்களிடமிருந்து வந்த சொல்.

இந்தக் கூண்டைப் பற்றி ஒரு தகவல் நமக்கு நேரடியாக உதவும். மார்க் 1-ஐ ரயிலில் ஏற்றும்போது அகலம் இடித்தது. அதனால் கூண்டுகளைக் கழற்றித் தனியே ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்படியானால் கூண்டு உடம்போடு சேரும் இடத்தில் கழற்றக்கூடிய போல்ட் வரிசை இருந்தாக வேண்டும், தூக்குவதற்குக் கொக்கி இருந்தாக வேண்டும். உங்கள் பேன்பிளேடிலும் அந்த இணைப்பில் நாலு கொக்கியும் ஒரு போல்ட் வரிசையும் வைத்துப் பாருங்கள். ‘இதை யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள்’ என்ற எண்ணம் பார்ப்பவருக்குத் தானாக வரும்.

பெரிய டாங்கி எப்படி இருக்கும் என்று பார்க்க இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று, முதல் உலகப் போர் முடிந்தபின் பிரெஞ்சுக்காரர்கள் 10 மட்டும் கட்டிய ஷார் 2சி: 69 டன், 12 பேர். இன்னொன்று ஜெர்மானியர்களின் மவுஸ், 188 டன். அதில் எஞ்சிய ஒன்று மாஸ்கோ அருகே குபின்காவில் நிற்கிறது. மவுஸின் படங்களை நிதானமாகப் பாருங்கள். அதன் பக்கச் சுவரில் விவரமே கிடையாது, ஒரே மொட்டைத் தகடு. அந்த மொட்டைத்தனம்தான் அதைப் பயங்கரமாகக் காட்டுகிறது. நம்மில் பலர் செய்யும் தப்பு இதற்கு நேர்மாறானது. கற்பனை வண்டி என்றதும் கைக்குக் கிடைத்த பைப்பையும் பெட்டியையும் உடம்பெல்லாம் ஒட்டிக் கோயில் கோபுரமாக்கிவிடுகிறோம்.

நேரில் பார்க்க வசதியானது நம் விஜயந்தா. ஆவடியில் தயாரான அந்த டாங்கிகள் ஓய்வு பெற்றபின் பல ஊர்களில் மேடை கட்டி நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஒன்றைத் தேடிப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், அது மேலே மேலே அடித்த எனாமல். வெல்டிங் கோடு, மூடியின் கீல், கைப்பிடி, தகட்டின் தடிமன் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு மூடியைத் தூக்க எத்தனை பெரிய கீல் வேண்டியிருக்கிறது என்று பார்த்தவர், மூடியை வெறும் தட்டாக ஒட்டமாட்டார்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

அடிப்படை வேலைகள் முன் அத்தியாயங்களில் சொன்னவையே. சட்டங்களைப் பாத்திரம் துலக்கும் சோப்பில் கழுவிக் காயவையுங்கள். கட்டரால் இரண்டு தடவையாக வெட்டுங்கள்: முதல் வெட்டு தள்ளி, இரண்டாவது ஒட்டி. பிசிறையும் அச்சுக் கோட்டையும் கத்தி முதுகால் சுரண்டி, 400-ல் தொடங்கி 800 உப்புத்தாளில் முடியுங்கள்.

ஒட்டும் முன் குழல்களை எண்ணுங்கள். பேன்பிளேடுக்கு 11 குழல். கோபுரத்தில் பெரிய பீரங்கி, பக்கத்தில் துணைத் துப்பாக்கி, ஆக இரண்டு. முன்னுடம்பில் குட்டையான பீரங்கி ஒன்று. இரட்டைக் குழல் துப்பாக்கி முன்னால் ஒன்று, இரண்டு கூண்டிலும் ஒவ்வொன்று, ஆக ஆறு. கூண்டுகளின் மேல் லேசர் பீரங்கி இரண்டு. இந்த 11 வாயில் பல, அச்சில் மொட்டையாகவோ மேலோட்டமான குழியாகவோதான் வரும். ஒவ்வொன்றையும் துளையிட வேண்டும். குழல் நுனியில் நடுப்புள்ளியைக் கத்தி முனையால் குத்திக் குறித்து, கைத்துரப்பணத்தில் முதலில் 0.5 மி.மீ. துரப்பண ஊசி, பிறகு பெரியது. அவசரப்பட்டால் ஊசி விலகும். ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே போகும், போகட்டும். துளையில்லாத குழல் ஒன்று இருந்தாலும் கண் அதில்தான் போய் விழும்.

உடம்பு, கோபுரம், இரண்டு கூண்டு, இரண்டு தடம் என ஆறு தனித் தொகுப்பாகக் கட்டி, பெயிண்ட் முடிந்தபின் சேருங்கள். கூண்டை முதலிலேயே ஒட்டிவிட்டால் அதன் பின்னால் பிரஷ் நுழையாது.

பசை விஷயத்தில் கஞ்சனாக இருங்கள். தண்ணீர் மாதிரி இருக்கும் மெல்லிய சிமென்ட் உண்மையில் பசையே அல்ல, பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவம். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து, பிரஷ் நுனியால் இடுக்கைத் தொட்டால் போதும், தானே உறிஞ்சி ஓடும். பிடித்திருக்கும் விரல் அந்த இடுக்கின் மேல் இருந்தால் விரலுக்கடியிலும் ஓடும். என் பழைய டாங்கி ஒன்றின் முன்தகட்டில் என் கட்டைவிரல் ரேகை இன்றும் தெளிவாக இருக்கிறது. மிச்சமிருக்கும் இடுக்குக்குப் பட்டி. கார் பட்டறையில் பார்க்கும் அதே வேலைதான்: மெல்லிசாகப் பூசு, காயவிடு, தேய், மறுபடி பூசு.

மனித அளவு

அளவு பற்றி ஒரு சிக்கல். இந்த விளையாட்டின் உருவங்கள் கறாரான அளவில் செய்யப்பட்டவை அல்ல. ஆள் உயரம் ஏறக்குறைய 28 மி.மீ., தலையும் கையும் துப்பாக்கியும் வேண்டுமென்றே பெரிது. நான் 1/60 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். உங்களுக்குப் பிடித்தால் 1/56 வைத்துக்கொள்ளுங்கள். எதையாவது ஒன்றை வைத்துக்கொண்டு கடைசிவரை மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

அந்தக் கணக்கில், கையால் பிடிக்கும் 20 மி.மீ. கம்பி 0.33 மி.மீ. ஆகும். அச்சில் வரும் கைப்பிடி கிட்டத்தட்ட ஒரு மி.மீ. தடிமன். அதாவது நிஜத்தில் 6 செ.மீ. உருளை, எந்த மனிதனும் பிடித்து ஏறமாட்டான். அதைச் சீவிவிட்டு, 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியைச் சாமணத்தால் வளைத்து, இரண்டு துளையில் சொருகி, உள்பக்கம் ஒரு சொட்டு ஃபெவிக்விக் வையுங்கள். தடத்தின் மேலுள்ள தகடு, தட்டுமுட்டுப் பெட்டி மூடி போன்றவற்றுக்கு கூல்டிரிங்க் கேன் தகடு அருமையானது. 0.1 மி.மீ. இருக்கும். நம் அளவில் 6 மி.மீ. தகடு. ஓரத்தை லேசாக நசுக்கிவிட்டால் ‘எங்கேயோ இடித்த வண்டி’ தயார்.

இந்த வண்டி பெரியது என்று காட்டுபவை பெரிய பாகங்கள் இல்லை, சின்னவைதான். மூடி, ஏணி, விளக்கு, கைப்பிடி ஆகியவை மனித அளவில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக மலையாகும். ஏணிப் படி எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் பெட்டியில் வரும் ஆள் உருவத்தைத் தரையில் நிறுத்தி, அவன் எப்படி மேலே ஏறுவான் என்று பாருங்கள். என் சோப்பு டப்பாவில் 10 பேர் உள்ளே போக வழி இருந்தது, கூரைவரை ஏற வழி இல்லை.

ரிவெட்டும் வெல்டிங்கும்

தகட்டைக் கோணச் சட்டத்தின் மேல் வைத்து அடிப்பது ரிவெட். ஆகவே ரிவெட் வரிசை தகட்டின் ஓரத்தை ஒட்டியோ, உள்ளே சட்டம் ஓடும் கோட்டிலோதான் வரும், சம இடைவெளியில். அழகுக்காக நடுவில் தூவக் கூடாது. குண்டு பட்டால் ரிவெட் தலை தெறித்து உள்ளிருப்பவரையே தாக்கும் என்பதால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெல்டிங்குக்கு மாறினார்கள். பேன்பிளேடின் வடிவமைப்பாளர்கள் ரிவெட்டை வைத்ததே அந்தப் பழைய தோற்றத்துக்காகத்தான். நான் அதை அப்படியே விட்டு, பெரிய தகடுகள் சந்திக்கும் மூலைகளில் மட்டும் வெல்டிங் கோடு சேர்க்கிறேன்.

செய்முறை இது. பாகங்களை வெட்டியபின் மிஞ்சும் சட்டத்தில் ஒரு சாண் துண்டு எடுங்கள். மெழுகுவத்திச் சுடருக்கு இரண்டு விரற்கடை மேலே, சுடர் தொடாமல், உருட்டிக்கொண்டே பிடியுங்கள். பத்துப் பதினைந்து வினாடியில் நடுப்பகுதி பளபளத்துத் தொய்யும். சுடரை விட்டு வெளியே எடுத்து, ஒரு மூச்சு நிதானித்து, இரண்டு கையையும் சீராக விரியுங்கள். கம்பிப்பாகு மாதிரி நீளும். வேகமாக இழுத்தால் மயிரிழை, மெதுவாக இழுத்தால் சணல். நமக்கு அரை மி.மீ. போதும். அந்த நூலை மூலையில் படுக்கவைத்து மேலே மெல்லிய சிமென்டை ஓடவிடுங்கள். ஒன்றிரண்டு நிமிஷத்தில் நூல் கனிந்த பழமாக இளகும். இப்போது மொண்ணைக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, பிறை பிறையாக நெருக்கி அழுத்திக்கொண்டே போங்கள். முதல் பத்து செ.மீ. கோணலாக வரும். கவலைப்படாதீர்கள், களத்தில் பட்டறைக்காரன் ஒட்டுப்போட்ட வெல்டிங்கும் கோணலாகத்தான் இருக்கும். அதனால் பழகும் வேலையை வண்டியின் பின்பக்கத்தில் ஆரம்பியுங்கள்.

வார்ப்பு எஃகின் சொரசொரப்பு வேண்டிய இடம் பீரங்கியின் அடிக்கவசம் மட்டுமே. பட்டியைத் தின்னரில் கஞ்சிப் பதத்துக்குக் கரைத்து, பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஒற்றி, காய்ந்தபின் லேசாகத் தேய்த்துவிடுங்கள். வேறெங்கும் வேண்டாம். உருட்டித் தட்டிய தகடு வழவழப்பாகத்தான் இருக்கும்.

மண்டையோடுகள், இரட்டைத்தலைக் கழுகுகள் பற்றி என் கருத்து: பெட்டியில் வருவதில் பாதியைச் சட்டத்திலேயே விட்டுவிடுங்கள். விளையாட்டு ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். கழுகு ஒன்று இருந்தால் சின்னம், ஒன்பது இருந்தால் கல்யாண மண்டப அலங்காரம்.

சமையலறை உபகரணங்கள்

வெளிப் பாகங்கள் சேர்ப்பதில் வெட்கமே வேண்டாம். 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் விண்கலங்களின் மேற்பரப்பில் இருப்பவை பெரும்பாலும் கடையில் வாங்கிய டாங்கி, கார், விமான கிட்களின் பாகங்கள். அதற்கு முன்பே, 1965-ல் தொடங்கிய தண்டர்பேர்ட்ஸ் தொலைக்காட்சித் தொடரில் டெரெக் மெடிங்ஸ் குழுவினர் தண்டர்பேர்ட் 1 ராக்கெட்டின் கூடத்துச் சுவரில் எலுமிச்சை பிழியும் பிளாஸ்டிக் குமிழை ஒட்டிவைத்தார்கள். பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங் நல்ல வளைகுழாய். வாட்ச் ரிப்பேர் கடையில் கேட்டால் பல்சக்கரம் கிடைக்கும். மெல்லிய செப்புக் கம்பி மூன்றை முறுக்கினால் இழுவை வடம்.

1/35 கிட்டிலிருந்து மண்வெட்டியோ எண்ணெய் டப்பாவோ எடுக்காதீர்கள். நம் அளவில் அந்த மண்வெட்டி ஆளுயரத்தை நெருங்கும். 1/48 எடுத்தால் தப்பிக்கலாம்.

நான் எப்போதும் சேர்க்கும் ஒரு பொருள், மரக்கட்டை. 1917-ன் மார்க் 4 டாங்கிகள் கூரையில் ஒரு பெரிய உத்திரத்தைச் சுமந்தன. சேற்றில் புதைந்தால் அதைத் தடத்தில் சங்கிலியால் கட்டி, அடியில் உருளவிட்டு, அதன் மேலேறி வெளியே வருவார்கள். டி-72 வகையின் பின்பக்கத்தில் இன்றும் ஒரு கட்டை கட்டியிருக்கும், காரணம் அதேதான். 316 டன் வண்டி புதையாமல் இருக்குமா? காய்ந்த வேப்பங்குச்சி ஒன்றை, பட்டை பொடியாக இருப்பதாகப் பார்த்து எடுத்து, இரண்டு முனையையும் ரம்பத்தால் நேராக அறுத்து, பின்னால் கம்பியால் கட்டுங்கள்.

பெயிண்ட், சேறு, துரு

மழைக்காலத்தில் ஸ்ப்ரே பிரைமர் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்பூச்சு பூத்துவிடும். ஐப்பசி மாதத்தில் மொட்டைமாடியில் அடித்து, மூன்று வாரம் கட்டிய உடம்பு சுண்ணாம்படித்த சுவரானதைப் பார்த்தவன் சொல்கிறேன். வெயில் ஏறிய காலை நேரம், 20 முதல் 30 செ.மீ. தூரம், மூன்று மெல்லிய பூச்சு.

துருவுக்கு ஹேர்ஸ்ப்ரே முறை. பிரைமரின் மேல் துருப் பழுப்பு, அதன் மேல் வார்னிஷ், காய்ந்ததும் ஹேர்ஸ்ப்ரே இரண்டு பூச்சு, அது உலர்ந்ததும் அக்ரிலிக்கில் வண்டியின் நிறம். நான் காய்ந்த ஆலிவ் அடிக்கிறேன். அரை மணிக்குப் பின் ஓரங்களைத் தண்ணீரால் நனைத்து, குட்டையாக வெட்டிய பிரஷ்ஷால் தேய்த்தால் மேல்பூச்சு பொத்துக்கொண்டு வரும். எங்கே தேய்ப்பது? பூட்ஸ் படும் இடம், கை படும் இடம், மூடியின் ஓரம், ஏணிப் படி. மற்ற இடங்களில் கையை அடக்குங்கள். படையில் இருக்கும் டாங்கியைத் துருப்பிடிக்க விடமாட்டார்கள். புகைக்குழாய் மட்டும் விதிவிலக்கு, அதில் தாராளமாகப் போகலாம்.

சேறுதான் எடை. சுற்றி ஓடும் தடம் மேலே போகும்போது மண்ணையும் அள்ளிக்கொண்டு போய்க் கூரையில் கொட்டும். 1918-ன் விப்பெட் டாங்கியின் பக்கவாட்டில் வரிசையாகத் தெரியும் பெரிய சரிவுத் திறப்புகள், அந்த மண் வெளியேறுவதற்காகவே வைத்தவை. ஆகவே பேன்பிளேடில் சேறு கீழே மட்டும் இருந்தால் பொய். தடத்தின் மேல்பகுதியிலும் அது உரசும் ஓரங்களிலும் காய்ந்த மண், கீழே ஈர மண். செம்மண் பொடியைச் சல்லடையில் அல்ல, துணியில் சலியுங்கள். கண்ணுக்குத் தெரியும் மணல் துகள் இந்த அளவில் கூழாங்கல். கொஞ்சம் பிளாஸ்டர், கொஞ்சம் அக்ரிலிக், நீர் கலந்த ஃபெவிகால் சேர்த்துக் குழைத்து, மூன்று நிறத்தில் மூன்று தடவையாகப் பூசுங்கள். தரையை நேராகத் தொடும் தடக்கண்ணிகளின் முகப்பில் மண்ணைத் துடைத்துவிட்டு, 6பி பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் இரும்பு மினுங்கும்.

மேடையில் வைப்பதாக இருந்தால் வண்டியை மண்ணின் மேல் வைக்காதீர்கள், மண்ணுக்குள் வையுங்கள். களிமண் ஈரமாக இருக்கும்போதே தடத்தை நெகிழித் தாளில் சுற்றி, ஐந்து மி.மீ. அமுங்கும்வரை அழுத்தி எடுங்கள். பின்னால் வந்த வழியிலும் அதே ஆழத்தில் தடம் பதியுங்கள். தங்கை மகன் இரண்டாவது பேன்பிளேடைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அந்தத் தடத்தில் விரலை வைத்து ஆழம் பார்த்தான்.

கடைசியாக மங்கல் வார்னிஷ் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. காய 24 மணி நேரம் ஆகும், அதற்குள் கோபுரத்தைத் திருப்பிப் பார்க்காதீர்கள்.